ஓர் ஆளை மட்டும் தாங்கும் பெட்டி

மார்ச் 4, செவ்வாய்

அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அம்மா வீட்டு ஹாலில் ஸ்டூல் மேல் ஏறி நின்றேன். வீட்டுக் கண்காணிப்புக் கேமராக்களுக்காக அப்பா வாங்கிய பெட்டி அலமாரி உச்சியில் இருக்கிறது. அவர் போன பிறகும் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் சொன்ன வேலையை முணுமுணுக்காமல் செய்யும் ஒரே பிறவி. அதை என் போனோடு இணைக்க வேண்டும். பெட்டியோடு வந்த கையேடு ஒரு செயலியின் பெயரைச் சொல்கிறது. அப்படி ஒன்று உலகத்திலேயே கிடையாது என்கிறது போன்.

கேமராக்காரரை வரவழைத்தேன். பெட்டியைத் துடைத்துப் பார்த்தார்.

"சார், உங்க போன் பொறக்கறதுக்கு முன்னாடியே இது ரிட்டயர் ஆகியிருக்கணும். புதுசு மாட்டிடுவோம்."

"ஓடுறதை எதுக்குத் தூக்கிப் போடணும்? அப்புறம் என்னையும் மாத்தச் சொல்வீங்க" என்றாள் அம்மா கீழேயிருந்து.

திருட்டு பயம் என்று அம்மாவிடம் காரணம் சொல்லியிருக்கிறேன். உண்மைக் காரணம்: ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறி இங்கே வருவது அலுத்துவிட்டது. என் வீட்டில் எனக்காகக் காத்திருப்பவை புத்தகங்கள் மட்டும்தான். அவற்றைக் காரணம் காட்டவும் முடியாது.

மார்ச் 6, வியாழன்

இணையவில்லை. போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பொறுமைக்கு நல்ல பயிற்சி. எனக்குத் தேவையில்லாத பயிற்சி.

மார்ச் 9, ஞாயிறு

இணைந்துவிட்டது. கேமராக்காரர் பெட்டியிலிருந்து ஒரு கம்பியை இழுத்து மோடத்தில் செருகினார். வெளியிலிருந்து பெட்டிக்குள் வர மோடத்தில் ஒரு வழியைத் திறந்து வைத்தார். பழைய பெட்டிகளோடும் பேசத் தெரிந்த வேறொரு செயலியை என் போனில் இறக்கினார். கடவுச்சொல் கேட்டது. அப்பா ஒன்றுமே வைக்கவில்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால் கதவு திறக்கிறது. இத்தனை வருஷம் இந்த வீட்டைக் காத்தது அந்த வெற்றிடம்தான். புதிதாக ஒன்று வைத்தோம்.

படம் ரொம்பச் சுமார். பெட்டி போனுக்கென்று சின்னதாக, மங்கலாக ஒரு பிரதியை அனுப்புகிறதாம். வாசலும் ஹாலும் தெரிகின்றன. சமையலறைக் கேமரா எப்போதோ செத்துவிட்டது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "இது நானா? பேய் மாதிரி இருக்கேன்."

"நீதாம்மா."

"அப்ப இனிமே நீ வர வேண்டாம். பேயைப் பாத்துக்கிட்டிரு."

சிரித்தேன். அவள் சிரித்தாளா என்று கவனிக்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

போகவில்லை. மதியம் போனில் பார்த்தேன். அம்மா ஹால் மேசை முன் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். உடனே கூப்பிட்டு, ஒன்றுமே தெரியாதவன் குரலில் கேட்டேன்:

"சாப்டியாம்மா?"

"சாப்டுட்டே இருக்கேன்."

தெரிந்த விடைக்குக் கேள்வி கேட்பதற்கு அலுவலகத்தில் சம்பளம் தருகிறார்கள். காப்பீட்டுக் கோரிக்கைகளில் பொய் தேடுவது என் பிழைப்பு. பெற்ற தாயிடமும் அதே குரலா? கூச்சமாக இருந்தது. கூச்சத்தோடு மாலைவரை படித்தேன்.

மார்ச் 20, வியாழன்

மூன்று நாளாகப் படம் நடுவில் அறுந்துபோகிறது. கேமராக்காரரிடம் கேட்டேன்.

"அந்தப் பெட்டி ஒரு ஆளைத்தான் சார் தாங்கும். ரெண்டாவது ஆள் உள்ள வந்தா மொத ஆளைத் தள்ளிவிட்டுடும்."

"ரெண்டாவது ஆளா? யாரு?"

"உங்க அக்காதான். அம்மாகிட்ட நம்பர் வாங்கிப் பேசினாங்க. அவங்க போன்லயும் போட்டுக் குடுத்தேன்."

"என்கிட்ட சொல்லலையே."

"நீங்க கேக்கலையே சார்."

அக்கா ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருக்கிறாள். கூப்பிட்டேன். எடுத்ததுமே, "நீதானாடா என்னைத் தள்ளிவிடுற சனியன்?" என்றாள்.

"நீ எதுக்குப் பாக்குற?"

"தூரத்துல இருக்கேன், பாக்குறேன். நீ பக்கத்துலதான இருக்க? நேர்ல போறன்னு நெனச்சேன்."

"நீ தினமும் பேசுறன்னு நான் நெனச்சேன்."

சண்டை நீளவில்லை. இரண்டு பேருக்கும் மடியில் கனம். காலை அவளுக்கு, மாலை எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். அப்பாவின் சொத்தைக்கூட இவ்வளவு சுமுகமாகப் பிரிக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

போகவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

அம்மா நாற்காலியில். சால்வை போர்த்தியிருக்கிறாள். எதிரே தட்டு. எல்லாம் ஒழுங்காக இருப்பதால் போகவில்லை. ஒழுங்காக இல்லாவிட்டால் போயிருப்பேனா? போயிருப்பேன். நிச்சயமாக. 'நிச்சயமாக' என்று எழுதுகிறவர்களின் கோரிக்கையை நான் இரண்டு தடவை படிப்பது வழக்கம்.

ஏப்ரல் 2, புதன்

காலையில் அம்மாவின் எதிர்வீட்டு டீச்சர் அலுவலகத்துக்கே கூப்பிட்டார். "தம்பி, அடுத்த வாரம் கட்டு மாத்தணும். எனக்குப் பரீட்சை வேலை. நீங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடுவீங்களா?"

"என்ன கட்டு?"

"உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை, ஆட்டோ பிடித்து ஓடினேன். அம்மாவின் வலது கை முழங்கைவரை மாவுக்கட்டு. சமையலறையில் வழுக்கி விழுந்திருக்கிறாள். ரெண்டு வாரமாச்சு. ரெண்டு வாரமா நான் தினமும் சாயங்காலம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். என்னத்தைப் பாத்தேன்? சால்வையைப் பாத்தேன்.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா வருவ. வந்து அந்த சோபாவுல உக்காந்து போனைப் பாப்ப. அதை அங்கேருந்தே பாக்கலாமே."

"தினமும் தட்டு வச்சுச் சாப்டியே?"

"ஒத்தக் கையால என்னத்தைச் சமைக்கிறது? டீச்சர் குடுத்தா சாப்டுவேன், இல்லன்னா ரொட்டி. தட்டு உங்களுக்காக வச்சது. அது வெறும் தட்டு."

அந்தப் படத்தில் வெறும் தட்டும் நிறைந்த தட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இதைவிடத் தெளிவான படங்களை 'எதையும் நிரூபிக்கவில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"நாங்க பாக்குற நேரம் உனக்கு எப்படித் தெரியும்?"

"பெட்டியில கம்பி செருகின எடத்துல ஒரு பச்சை விளக்கு இருக்குல்ல? நீங்க வந்தா படபடன்னு அடிச்சுக்கும். உடனே போய் நாற்காலியில உக்காந்துடுவேன். காலையில உங்கக்காவுக்கு, சாயங்காலம் உனக்கு. ஆபீஸ் போற மாதிரிதான்."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை. ஸ்டூல் போட்டு ஏறிக் கம்பியைப் பிடுங்கினேன்.

அக்காவிடம் சொன்னேன். "காலையில பாத்தப்ப மொகம் சிரிச்ச மாதிரி இருந்துச்சேடா" என்றாள்.

ஏப்ரல் 3, வியாழன்

பத்து நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஒரு பையோடு வந்துவிட்டேன். அம்மா அலமாரியைக் காட்டி, "அதை மாட்டு" என்றாள்.

"வேண்டாம்மா. அசிங்கமா இருக்கு."

"உனக்கு அசிங்கமா இருந்தா நீ பாக்காத. அவ அவ்வளவு தூரத்துல வேற என்ன பண்ணுவா?" வேறெங்கோ பார்த்தபடி சொன்னாள்: "அது அடிச்சுக்கிட்டா வீட்ல யாரோ இருக்காப்ல இருக்கும்."

நான் பிடுங்கியது என் வெட்கத்துக்காக. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலில் மாட்டியபோதும் அவளிடம் கேட்கவில்லைதான்.

மறுபடி செருகினேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

அம்மாவுக்குத் தலை வாரிவிட்டேன். "வைக்கோல் போர் பிரிக்கிற மாதிரி பிரிக்காத" என்றாள். இரண்டாம் முறை பரவாயில்லையாம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

விடுப்பு முடிந்து பல நாளாகிறது. அலுவலகத்துக்கு இங்கிருந்தே போய்வருகிறேன். மாற்றுத் துணி எடுக்க ஒருமுறை என் வீட்டுக்குப் போனேன்; புத்தகங்கள் நலம்.

காலையில் அக்கா கூப்பிட்டாள். "என்னடா, அரை மணி நேரமா நாற்காலி காலியா கெடக்கு?"

நாங்கள் சமையலறையில் இருந்தோம். நான் உருளைக்கிழங்கு நறுக்க, அம்மா இடது கையால் ஒவ்வொரு துண்டாகத் தூக்கிப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவிடம் என்ன சொல்லட்டும் என்று கேட்டேன்.

"வந்து பாக்கச் சொல்லு."

புதன்கிழமை ரயிலுக்குச் சீட்டு எடுத்திருக்கிறாளாம்.

சாப்பிட்ட பிறகு அம்மா, "உன் வீட்டுக்கு எப்ப கெளம்புற?" என்றாள். அடுத்த ஞாயிறு என்றேன். போன ஞாயிறும் அதையேதான் சொன்னேன், அவள் ஞாபகப்படுத்தவில்லை.