பின்கதவைப் பற்றி நீ எழுதியது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே உடம்புக்கு எல்லோரும் சுகம்தான், மனசுக்குத்தான் நான் சுகமில்லை. அங்கே நீ இரண்டுக்கும் சுகமாக இருக்க வேண்டும். உன் அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, வந்ததிலிருந்து வீட்டில் எங்கெங்கே தூசி இருக்கிறதென்று எனக்குக் காட்டிக்கொடுப்பதுதான் அவருக்கு வேலை. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் இப்போது உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என் மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். படிப்பவர் மனதை மாற்றும்படி வாதாடி ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள், எதிர்த்தரப்பு சொல்வதையும் அதில் நியாயமாகச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மதிப்பெண் இல்லை என்று போன வாரம் போனில் சொன்னாய். எங்கள் தையல் கூடத்தின் பின்கதவை ஏன் பூட்டி வைக்கிறீர்கள் என்று கேட்டாய். பெற்ற மகள் கேட்கிறாளே என்று அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து மூன்று காரணம் சொன்னேன். திறந்து கிடந்தால் தைத்த சட்டைகள் திருட்டுத்தனமாக வெளியே போகும், பெண்கள் அரட்டைக்குப் போய்விடுவார்கள், பதினொரு வருஷமாகப் பூட்டியிருந்தும் ஒன்றும் ஆகவில்லை, அப்படியே ஏதாவது ஆனாலும் சாவி என் இடுப்பிலேயே இருக்கிறது. நீ என்ன செய்தாய்? 'ஒரு மேற்பார்வையாளர் சொல்கிறார்' என்று போட்டு மூன்றையும் வரிசையாக நிற்கவைத்து அடித்துப் போட்டுவிட்டாய். நீ அனுப்பியதை உன் அப்பா புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார், வேண்டுமென்றே மெதுவாக. பள்ளிக்கூடத்தில் கால் வைக்காமல், துணிக்கட்டில் ஒட்டிவரும் சீட்டைப் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கூட்டக் கற்றவள் நான், நாற்பது பேரைக் கட்டி மேய்க்கிறவள், என் வாயை என் மகளே அடைத்தால் எப்படி இருக்கும்? அதனால்தான் அந்தக் கட்டுரையைக் கொடுக்கவே கூடாது என்று உன்னிடம் கத்தினேன்.

ஆனால் அதில் ஒரு வரி தொண்டையில் முள் மாதிரி நின்றுகொண்டது. புகை வந்தால் அந்தச் சாவி கதவுக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று அந்த மேற்பார்வையாளர் ஒருமுறையாவது பார்த்ததுண்டா என்று கேட்டிருந்தாய். பார்த்ததில்லை. பார்த்து உன் மூக்கை உடைக்க வேண்டும் என்றுதான் நேற்று சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் முன்பக்கம் போனபிறகு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இஸ்திரி மேசையிலிருந்து நடந்தேன். வழியில் துணிக்கட்டுகள், இரண்டு ஸ்டூல், ஓடாத மெஷின் ஒன்று, எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு போயும் அரை நிமிஷம் ஆகவில்லை. உனக்கு அனுப்ப அதைச் சீட்டில் குறித்துக்கொண்டேன். கதவை மறைத்திருந்த கட்டுகளை நகர்த்திச் சாவியைப் போட்டேன். நுழையவில்லை. திருப்பிப் போட்டேன், மெஷின் எண்ணெயைக்கூட விட்டேன். அப்புறம்தான் குனிந்து பார்த்தேன் கண்ணு, அது என் பூட்டே இல்லை. என் பூட்டு பித்தளை, அங்கே தொங்குவது இரும்பு, அதன் மேலேயே விரல் பதியும் அளவுக்குத் தூசி. காலையும் மாலையும் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேனே தவிர ஒரு நாளாவது கதவைத் தொட்டுப் பார்க்கவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சட்டைப் பொத்தான் துளைக்குக் காஜா போடுகிற பெண்ணுக்கு இது ஏழாம் மாதம், அவளை அந்தக் கதவோரம் கடைசி மேசையில் உட்காரவைத்ததே நான்தான், ஏதாவது ஆனால் நீதான் முதலில் வெளியே போவாய் என்று கேலி வேறு பண்ணியிருக்கிறேன்.

எங்கள் மேனேஜர், கழுத்தில் எப்போதும் டேப் தொங்குவதால் பெண்கள் அளவுநாடா என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அவரிடம் போனேன். பழைய பூட்டு மக்கர் பண்ணியதால் இரண்டு வருஷத்துக்கு முன்பே மாற்றிவிட்டார்களாம், சாவி முதலாளி வீட்டில் எங்காவது இருக்குமாம், பார்க்கலாமாம். இன்றைக்கே பாருங்கள் என்றேன். அவர் டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே, "என்னக்கா, புதுசா பயப்படுறீங்க? இத்தனை வருஷமா பூட்டித்தானே இருக்கு, என்ன ஆயிடுச்சு?" என்றார். நான் உனக்குச் சொன்ன அதே காரணம். என் வாயால் சொன்னபோது அது பெரிய நியாயமாகத்தான் இருந்தது, அவர் வாயால் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

இன்றும் போய் வேலை பார்த்தேன். அந்தப் பெண்ணை முன்மேசைக்கு மாற்றினேன், காரணம் கேட்டதற்கு வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று பொய் சொன்னேன். எட்டு இஸ்திரிப் பெட்டிகள் ஓடுகின்றன, துணி கொஞ்சம் சூடேறிய வாசனை வந்தாலே ஓடிப்போய்ப் பெட்டியை நிமிர்த்தி வைக்கிறேன். காலையில் மெயின் சுவிட்சைப் போடுவது என் வேலை. நாளைக்குப் போடப்போவதில்லை. பெண்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அந்தப் பூட்டை உடைக்கும்வரை எல்லோரையும் முன்வாசலிலேயே நிறுத்திவைக்கப்போகிறேன். அளவுநாடா என்னை வேலையை விட்டே அனுப்பினாலும் அனுப்புவார், பெண்கள் பாதிப் பேர் என்னை விட்டுவிட்டு உள்ளே போனாலும் போவார்கள். பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் மறைக்கவில்லை. உன் அப்பாவிடம் சொன்னேன், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நாளைக்கு நாம் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டார்.

கட்டுரையைக் கொடு. நீ எழுதியதெல்லாம் சரி என்று இதற்கு அர்த்தமில்லை, சட்டை வெளியே போவது நிஜம், அதற்கு நீ சொல்லியிருக்கும் பதில் நொண்டியடிக்கிறது, உட்கார்ந்து திருத்து. 'ஒரு மேற்பார்வையாளர்' என்பதை அடித்துவிட்டு 'என் அம்மா' என்று போடு. நேரத்துக்குச் சாப்பிடு. உன் விடுதியின் பின்கதவு எங்கே இருக்கிறதென்று இன்றைக்கே போய்ப் பார், யார் என்ன சொன்னாலும் நம்பாதே, உன் கையால் திறந்து பார். எடுத்த காரியமெல்லாம் கைகூடி நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். சான்று இல்லாத வாதம் நிற்காது என்று உன் ஆசிரியை சொன்னதாகச் சொன்னாயே, காகிதத்தில் சுற்றி இதற்குள் வைத்திருக்கிறேன், அவரிடம் காட்டு. பதினொரு வருஷம் அதை இடுப்பில் கட்டியிருந்த இடம் வெறிச்சென்றுதான் இருக்கிறது, ஆனாலும் அதைத் திருப்பி அனுப்பாதே.

இப்படிக்கு,
உன் கட்டுரையின் எதிர்த்தரப்பு,
அம்மா