ஞாயிறு மூன்றரைக்கு அக்காவின் குரல்

செப். 3, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். பட்டாசுப் பெட்டிக்குத் தரைச்சக்கர லேபிள் இரண்டு கம்ப்யூட்டரில் வரைந்து முடித்து அச்சாபீசுக்கு அனுப்பியாச்சு. சிவப்பு பத்தாதாம். சிவகாசியில் யாருக்கு எந்தச் சிவப்பு பத்தியிருக்கிறது?

மூன்றரைக்கு செல்வி அக்கா ரேடியோவில். அவள் இருக்கும் மெல்போர்னில் தமிழர்கள் சேர்ந்து நடத்துவது. இங்கே இன்டர்நெட்டில் கேட்கலாம். வழக்கமாகப் பேசும் பெண் பிரசவத்துக்குப் போனதால் நான்கு ஞாயிறு மட்டும் இவள், அரை மணி நேரம். ஒரு தடவை போனால் போனதுதான், அவர்கள் சேர்த்து வைப்பதில்லை.

பதிவு செய்ய நினைத்தது அம்மாவுக்காக. வலது காது முழுசாகப் போச்சு, இடது காது பாதி. அக்கா போன் செய்தால் "என்ன? என்ன?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, "நல்லா இரு தாயி" என்று ரிசீவரை அப்பாவிடம் கொடுத்துவிடுவாள். ஒரு வருஷமாகத் தாய்க்கும் மகளுக்கும் இவ்வளவுதான் பேச்சு. மதுரையில் வாங்கிய காது மெஷின் கீச்சென்று கத்துகிறதாம், கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. பதிவு இருந்தால் ஹெட்போனில் சத்தமாக, எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம்.

பலன்: கம்ப்யூட்டரிலேயே இருக்கும் ரெக்கார்டர் சரியாக அறுபது நொடியில் நின்றுவிட்டது. நான் கவனிக்கவில்லை. கிடைத்தது: கொஞ்சம் இசை, ஒரு வணக்கம், "இன்று உங்களோடு". அவ்வளவே.

செப். 5, செவ்வாய்

கம்ப்யூட்டர் கடை அண்ணாச்சிக்குப் போன். "ஃபார்மட் பண்ணிருவமா?" என்றார். அவருக்குத் தலைவலிக்கும் ஃபார்மட், கால்வலிக்கும் ஃபார்மட். சீசன் லேபிள் அத்தனையும் உள்ளே இருக்கிறது, ஆளை விடுங்க என்றேன்.

இலவசமாகக் கிடைக்கும் வேறு ரெக்கார்டர் ஒன்று இறக்கியாச்சு. இறங்கி முடிப்பதற்குள் சோறு வடித்து, ரசமும் வைத்துவிட்டேன். இதில் நேர வரம்பு இல்லை.

சாயங்காலம் அக்கா போன். நல்லா இருக்காளாம். அத்தான் வேலை விஷயமாக ஏப்ரலிலிருந்து வேறு ஊரில், தீபாவளிக்கும் வரமாட்டாராம். அம்மா வழக்கம் போல இரண்டு "என்ன?", ஒரு "நல்லா இரு".

செப். 10, ஞாயிறு

இந்தத் தடவை நிற்கவில்லை. முப்பது நிமிடமும் திரையில் கோடு குதித்துக் குதித்து ஓடியது. ஜெயித்துவிட்டேன் என்று காபி போட்டுக் குடித்தேன்.

போட்டுக் கேட்டால் எங்கள் வீடு. ஃபேன் சத்தம், அப்பாவின் கொட்டாவி, தெருவில் "கத்திரிக்கா, வெண்டக்கா". அக்கா எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறாள். மைக் வழியாகப் பிடித்திருக்கிறது கழுதை.

நடுநடுவே அம்மா. "என்ன சொல்றா?" எண்ணினேன், பதினோரு தடவை. நாங்கள் பதில் கொடுத்தது இரண்டு தடவை, அதில் ஒன்று அப்பாவின் "செத்த சும்மா இரேன்". நானும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். ஒன்றுகூட என் காதில் விழவில்லை. ரொம்ப வெட்கமாக இருந்தது. அதை அம்மாவுக்குப் போட்டுக் காட்டவில்லை.

செப். 11, திங்கள்

கண்டுபிடித்தாச்சு. மறக்காமல் இருக்க:

– மூலையில் உள்ள ஸ்பீக்கர் படம், இரண்டு கிளிக்
– ஆப்ஷன்ஸ், பிராப்பர்ட்டீஸ், அதில் ரெக்கார்டிங்
– "ஸ்டீரியோ மிக்ஸ்" ஒளிந்திருக்கும், டிக் வைத்தால்தான் தலை காட்டும்
– மைக்கை விட்டு அதைத் தேர்ந்தெடுக்க

அப்புறம் கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற சத்தத்தை மட்டும் பிடிக்கிறது. சோதனைக்கு ஐந்து நிமிடம் செய்தி. சுத்தம். பக்கத்தில் அம்மா மிக்ஸி போட்டாள், அதுகூட விழவில்லை.

ஆமத்தூர் பார்ட்டிக்குப் பூச்சட்டி லேபிள் நாளைக்குள் வேண்டுமாம். முடியாது என்றால் "நீங்க மனசு வச்சா முடியும்க" என்கிறார்கள். மனசை வைத்து என்ன செய்ய, கண்ணல்லவா எரிகிறது.

செப். 17, ஞாயிறு

மத்தியானமே மூட்டம்.

எல்லாம் தயார். அக்கா 3.30-க்குத் தொடங்கினாள். 3.39-க்கு டப்பென்று ஃபேன் நின்றது. கரண்ட் போகவில்லை, அப்பா மெயினை இறக்கிவிட்டார்!

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். வானம் கறுத்தால் அங்கே முதல் வேலை மெயினை இறக்குவது, அடுத்த வேலை ஆட்களை வெளியே அனுப்புவது. முப்பது வருஷப் பழக்கம். வீட்டில் வெடிமருந்தும் கிடையாது, மத்தாப்பும் கிடையாது. ஆனாலும் வெம்பக்கோட்டைப் பக்கம் மின்னினால் எங்கள் வீட்டில் இருட்டு.

"எதுக்குப்பா எறக்குனீக? அக்கா பேசிட்டிருக்கால்ல?"

"மின்னுச்சு தாயி."

"இங்கன என்ன வெடியா கட்டுறோம்?"

"கை தானா போயிருச்சு."

அதற்கு மேல் என்ன சண்டை போட. யு.பி.எஸ். இருந்ததால் கம்ப்யூட்டர் பிழைத்தது, அதில் மாட்டாத மோடம் செத்தது. பதிவில் ஒன்பது நிமிடம், மீதி வெறும் மௌனம். ஒன்பதில் ஏழு நிமிடம் பாட்டு.

அம்மா, "என்னளா, முடிஞ்சிருச்சா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். பொய்தான். அடுத்த வாரத்தோடு அக்காவின் முறை முடிகிறது. கோபத்தில் அப்பாவுக்குக் காபி கொடுக்கவில்லை, அவரே போட்டுக்கொண்டார்.

செப். 20, புதன்

யு.பி.எஸ்.ஸுக்குப் புது பேட்டரி. மோடத்தையும் அதிலேயே மாட்டியாச்சு. மானிட்டரை அணைத்து வைத்தால் இருபது நிமிடம் தாங்குகிறது, கடிகாரம் வைத்துப் பார்த்தேன். இனி மெயின் போனாலும் கவலையில்லை.

ஆனால் இன்டர்நெட் வருகிற டெலிபோன் ஒயர்? இடி இடித்தால் அதையும் பிடுங்குவார். சாப்பிடும்போது பேச்சுவார்த்தை.

"மெயினை எப்ப வேணா எறக்கிக்கோங்க. ஒயரத் தொடக் கூடாது."

"ஒயர் வழியாத்தான் இடி இறங்கும். எம்புட்டு வீட்ல பாத்திருக்கேன்."

"கடைசி வாரம்ப்பா."

அப்பா மோர் ஊற்றிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

செப். 24, ஞாயிறு

நினைத்தபடியே மேகம். மூன்று மணிக்கெல்லாம் மாடியில் துணி எடுத்தாச்சு.

3.30: அக்கா. தீபாவளிப் பலகாரம் பற்றி. அந்த ஊர் மாவில் முறுக்கு வளையாமல் எப்படி உடைகிறது என்று சொல்லிச் சிரிக்கிறாள். நன்றாகப் பேசுகிறாள், பெருமையாக இருந்தது.

3.46: மின்னல். அப்பா எழுந்து மெயினை இறக்கினார். யு.பி.எஸ். கீக் கீக்.

3.49: இடி, ஜன்னல் அதிர்ந்தது. அப்பா நேரே டெலிபோன் ஒயர்கிட்ட வந்தார். கையில் பிடித்துவிட்டார்.  அம்மாதான், "ஏங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பிடித்த கையை எடுக்கவுமில்லை, பிடுங்கவுமில்லை. இன்னும் இரண்டு இடி. வேர்த்துப்போய் அப்படியே நின்றார். 4.00-க்கு அக்கா நன்றி சொல்லி முடித்ததும் ஒயரைப் பிடுங்கிவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். பாவமாக இருந்தது. வேறு ஒருத்தருக்கு அது பத்து நிமிடம், அவருக்கு அப்படியில்லை.

மழை விட்டதும் பார்த்தேன். முப்பது நிமிடமும் இருக்கிறது. சுத்தமாக.

செப். 25, திங்கள்

காலையில் அம்மாவை உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினேன், சத்தம் முழுசு. முதல் தடவை வாய் பிளந்து கேட்டாள். "பக்கத்துல ஒக்காந்து பேசுறா" என்றாள். இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாம் தடவை போடச் சொன்னபோது முகம் சரியில்லை.

நான் அந்தப் பக்கம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அவ சிரிக்கல."

"நல்லா சிரிக்கிறாளேம்மா."

"மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கா. ஒவ்வொரு தடவையும். ஏழாங்கிளாஸ்ல கம்மலைத் தொலைச்சுட்டு வந்து இப்படித்தான் சிரிச்சா. மூணு நாள் கழிச்சுத்தான் சொன்னா."

நானும் ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு திரையில் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு சிரிப்புக்கும் முன்னால் குட்டியாக ஒரு மேடு. சத்தத்தை அங்கே மட்டும் கூட்டிப் போட்டால் மூச்சு, தண்ணீரில் மூழ்குமுன் இழுக்கிற மாதிரி. ஏழு சிரிப்பு, ஏழு மேடு.  நேற்று இதைத்தான் நன்றாகப் பேசுகிறாள் என்று எழுதியிருக்கிறேன்.

அம்மா பீன்ஸை வாங்கி நறுக்க ஆரம்பித்தாள். "நாளைக்குப் போன் போடு. அவ புருஷன் எங்கன்னு கேளு."

லேபிள் வேலை ஓடவில்லை. பச்சை போட வேண்டிய இடத்தில் நீலம் போட்டுக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

செப். 26, செவ்வாய்

வெயில். அப்பா கம்பெனிக்குப் போகவில்லை, வயிறு சரியில்லை என்றார். காலையில் நான்கு இட்லி சாப்பிட்ட வயிறு.

பதினொன்றுக்கு ஐ.எஸ்.டி. கார்டு போட்டு அக்காவுக்குப் போன் அடித்தேன். "நல்லா இருக்கேன்" என்றாள் அக்கா, சிரித்தாள். இப்போது எனக்கும் மூச்சு கேட்டது.

"அம்மா கேக்கச் சொன்னா. அத்தான் எங்க?"

இந்தத் தடவை சிரிக்கவில்லை. 

"அவர் என்னை விட்டுட்டுப் போய் அஞ்சு மாசமாச்சு. அங்க யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நீ ரேடியோவுல பேசுனத அம்மா கேட்டா."

"அம்மாவுக்குத்தான் காது கேக்காதே." அதோடு உடைந்துவிட்டாள்.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா கையை நீட்டி ரிசீவரை வாங்கினாள். காதில் வைக்கவில்லை. மைக்கைப் பிடிப்பது போல வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, "செல்வி, நீ சொல்றது எதுவும் எனக்குக் கேக்காது. கெளம்பி வா" என்றாள். என் கையில் கொடுத்துவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.