எண்ணி வைத்த முடிகள்

2013 பெப்ரவரி 11, திங்கள்
மகள் மர்ளியாவின் தலையணையில் 94 முடி, சீப்பில் 131. பிள்ளை பெற்று நான்காம் மாதம். ஏழாம் நாள் பேத்தியின் முடி இறக்கி, அதன் எடைக்குத் தருமம் கொடுக்கத் தராசில் நிறுத்தபோதுகூட இவ்வளவு கவனமாக இருக்கவில்லை. எண்ணுவது சரியா? எண்ணாமல் இருக்கவும் தெரியவில்லை.

பெப்ரவரி 19
மகள் கண்டுவிட்டாள். "வாப்பா, பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு மார்க் பண்ணின மாதிரி என்ட முடிக்கும் இடாப்பு மார்க் பண்ணுறீங்களா?" சிரித்தாள். பிறகு முக்காட்டை நெற்றிவரை இழுத்துக்கொண்டாள்.

பெப்ரவரி 21
கிளினிக் வாசலில் மூன்று முறை திரும்பி, நான்காவது முறை உள்ளே போய்த் தாதி டொறத்தி மிஸ்ஸியிடம் கேட்டேன். "மாஸ்டர், பிள்ளை பெத்தாக் கொட்டும், பிறகு முளைக்கும். பால் குடுக்கிறதாலை இல்லை. பயப்பட வேணாம்."

மார்ச் 3
சம்பந்தி கைருன்னிஸா கற்பிட்டியிலிருந்து வந்தார். இந்தக் கொப்பி மேசையில் கிடந்தது. என் பிழை. எண்களை உரக்க வாசித்தார்.
"நீங்களே எழுதி வெச்சிரிக்கீங்க. பால் குடுத்தே மருமகள்ட உடம்பு வத்துது. வெள்ளிக்கிழமையோட நிப்பாட்டுங்க. பால்மா டின்னும் கொண்டாந்திரிக்கேன்."
மகள் என்னைப் பார்த்தாள். "பார்ப்பம்" என்றேன். பார்ப்பமாம்!

மார்ச் 5
மனம் ஆறவில்லை. தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு இங்கே ஓலைக் கொட்டிலில் இருந்த மூன்றாம் மாதம், என் மனைவிக்கும் பிடிபிடியாகக் கொட்டியது. தொற்று நோய் என்று பெண்கள் கூடி அவள் கூந்தலை ஒட்ட வெட்டினார்கள். கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தவன் நான். அடுத்த வருடம் கொட்டின இடமெல்லாம் தானாக முளைத்தது. அவள் அழுததெல்லாம் வீணாக அழுதது.
இன்னொரு தடவை எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

மார்ச் 8, வெள்ளி
ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தால் கைருன்னிஸா கதிரையில் உட்கார்ந்திருந்தார். சொல்ல வேண்டியதை எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். எடுக்கவில்லை.
"பிள்ளை பால் குடிக்கட்டும். முடி முளைக்கும். முளைக்காட்டியும் குடிக்கட்டும்."
"மாஸ்டருக்கு எப்ப வாய் வந்த?"
"இண்டைக்குத்தான், மதினி."
டின்னைத் திருப்பி அவர் கையிலேயே கொடுத்தேன்.

மார்ச் 9
203. இத்துடன் எண்ணுவதில்லை.

ஒகஸ்ட் 18
மர்ளியா முக்காடில்லாமல் முற்றத்தில் உட்கார்ந்து பால் கொடுக்கிறாள். நெற்றியோரம் விரலளவு புதுமுடி, எண்ணெய்க்கும் படியாமல் நிமிர்ந்து நிற்கிறது. பேத்தி எட்டிப் பிடிக்கிறாள். கைக்குள் அகப்படாமல் வழுக்குகிறது.
மறுபடி வந்திருந்த கைருன்னிஸா குனிந்து அந்த முடியைத் தொட்டுப் பார்த்தார். "மாஸ்டர், இதை எண்ணலியா?"
"நீங்க எண்ணுங்க, மதினி" என்றேன்.