தாய்மாமன் சீராக ஒரு இன்சூரன்ஸ்

பங்குனி 6, வெள்ளி

விடியும்போதே வெயில். தங்கச்சி மகள் யாழினிக்குக் காதுகுத்து. நான்கு வயது. என் மடியில் உட்கார்த்தித்தான் குத்தினார்கள். தாய்மாமன் என்ன சீர் வைக்கிறான் என்று தங்கச்சியின் மாமியார் வீட்டுக்காரர்கள் தட்டையே பார்த்தார்கள். கம்மல், பட்டுப்பாவாடை, பழம். பிறகு சொன்னேன். "இது எல்லாரும் செய்றதுதான். எம் மருமவளுக்குத் தனியா மெடிக்கல் இன்சூரன்ஸ் போடறேன்." பந்தலே அடங்கிவிட்டது. மரக்காணத்தில் இப்படிச் சீர் செய்த முதல் ஆள் நான்தான். ஜில்லாவிலேயே என்றும் சொல்லலாம்.

ஒரு பெரியவர்: "ஏம்பா, புள்ளைக்கு எதுனா நோவா?"

"நோவா? தும்முனது கூட கெடையாது. உப்பளத்து வரப்புல குதிரையாட்டம் ஓடுது."

தங்கச்சி கீதா தலையைக் குனிந்துகொண்டாள். போன மழைக்கு வீசிங் வந்து யாழினியைத் திண்டிவனத்தில் சேர்த்தது எங்கள் இருவருக்கும் அவள் புருஷனுக்கும்தான் தெரியும். அவர் துபாயில். கம்பெனி இன்சூரன்ஸ் அவருக்கு மட்டும்.

பங்குனி 9, திங்கள்

உப்பு லோடு இறக்கிவிட்டுக் கோட்டக்குப்பம். வண்டிக்குப் பின் டயர் மாற்றணும். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ரஹீம் பாய் என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றார் (நாற்காலியைத் துடைக்க). குழந்தைக்கு மட்டும் தனி பாலிசி எல்லாரும் தர மாட்டார்களாம்; அவர் கம்பெனி தருமாம்.

"முன்னாடி எதுனா வியாதி?"

குதிரைக் கதையையே சொன்னேன். பந்தலில் சொன்னது நாக்கில் ஒட்டிக்கொண்டது.

"மாஷா அல்லாஹ். கம்பெனி டாக்டரம்மா போன்ல கேப்பாங்க. இருந்தா இருக்குன்னு சொல்லிடுங்க. கொஞ்ச வருஷம் கழிச்சாவது அதுக்கும் குடுப்பான். மறைச்சீங்கன்னா, புள்ள படுக்குற அன்னிக்கு கைய விரிச்சிடுவான்."

டயர் மாற்றாமலே வண்டியைத் திருப்பினேன்.

பங்குனி 11, புதன்

மேகம். உப்பை வாரிக் குவித்துத் தார்ப்பாய் போட்டாயிற்று. கீதாவிடம் பாய் சொன்னதைச் சொன்னேன்.

"சொல்லாதண்ணா. பொட்டப்புள்ள. வீசிங்குன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்?"

"நாலு வயசுடி அதுக்கு."

"நீதான பந்தல்ல குதிரைன்ன?"

தார்ப்பாய்க் கயிறு சரியா என்று பார்க்கப் போய்விட்டேன்.

ஈரக்காற்று. சாயங்காலம் முதல் பாப்பா நெஞ்சில் விசில். டாக்டர் தந்த இன்ஹேலரைக் கீதா கதவைச் சாத்திவிட்டுத்தான் அடித்தாள். கொஞ்சம் அடங்கியது. முழுக்க இல்லை. எதற்கும் பயப்படாத ஆள் நான். மூன்று தடவை எழுந்துபோய் அவள் மூச்சைக் கேட்டேன்.

பங்குனி 12, வியாழன்

கரண்ட் இல்லை. டாக்டரிடம் கிளம்பும்போது இன்சூரன்ஸ் கம்பெனி டாக்டரம்மாவின் போன். பாப்பா என் தோளில். கீதா எதிரே நின்று, வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டுகிறாள்.

"குழந்தைக்கு மூச்சுத் தொந்தரவு உண்டா சார்?"

சார் என்றார். என் குரலுக்கே அந்த மரியாதை.

"எங்க பாப்பா குதிரையாட்டம்..."

"பக்கத்துல என்ன சார் சத்தம்?"

ஃபேன் என்று வாய் வரை வந்தது. தலைக்கு மேல் ஃபேன் அசையாமல் இருந்தது.

"பாப்பாதாங்க. மூச்சு வுடறா. போன மழைக்கும் இப்டிதான். திண்டிவனத்துல சேத்திருந்தோம்."

கீதா உள்ளே போய்விட்டாள். போனில் டைப் அடிக்கும் சத்தம். லைனில் இருங்கள் என்றார். போன் காதுக்கும் தோளுக்கும் நடுவில், ஒரு கையில் வண்டிச் சாவி, மறு கை பாப்பாவின் முதுகில். இருந்தேன்.