லாசரின் மேசையைச் சுற்றிய தண்ணீர்

இன்று காலை மன்னி ஒரு தூக்குச்சட்டி கொடுத்தனுப்பியிருந்தாள். மூடியைத் திறந்து பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. உள்ளே என்ன என்று வலியசாலைத் தெரு முழுவதும் அதற்குள் தெரிந்துகொண்டுவிட்டது. பூண்டு. கூடவே தக்காளி வதங்கிய புளிப்பு. அரிசிச் சேவையின் தலையில் இந்த இரண்டையும் கொட்டிப் பிரட்டுகிற வீடு நம் தெருவில் ஒன்றுதான், அது உன் வீடு. நீ போய் ஒரு வருஷமாகி, செய்யவேண்டிய காரியங்களெல்லாம் முறைப்படி முடிந்த மறுநாளே உன் மனைவி இதைச் செய்திருக்கிறாள். உனக்காக அவள் செய்த காரியங்களில் இதுதான் உனக்குப் பிடித்திருக்கும்.

என் அகத்துக்காரி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "இதை எங்க வச்சுண்டு சாப்பிடப் போறேள்?" என்று கேட்டாள். என் வழக்கமான பதில் கொல்லைப்புறம். ஆனால் வாய் திறக்குமுன் லாசர் கடை ஞாபகம் வந்துவிட்டது.

பாளையத்தில், சந்தைக்குப் பின்னால் அந்தக் கடை. லாசர் வலியதுறைக் கடற்கரைக்காரர், மீனவர் வீட்டுப் பிள்ளை. பல வருஷம் ஓர் இத்தாலிக் கப்பலில் சமைத்துவிட்டு, ஒரு தாடியோடும் அந்தச் சமையலோடும் ஊர் திரும்பியவர். நாம் அதை இத்தாலிக் கடை என்போம். அக்ரஹாரம் மீன்காரன் கடை என்றது. நமக்கு மட்டும் மீன் வாடையே படாத தனிச் சட்டியில் சமைக்கிறார் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டுவிடுவார்களே.

கோதுமை மாவைத் தேய்த்து, நாடா நாடாவாக வெட்டி, துணி உலர்த்துகிற மாதிரி கயிற்றில் தொங்கவிட்டிருப்பார். சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் நீ, நான், கிட்டு மூவரும் அங்கே ஆஜர். கிட்டு முள்கரண்டியால் தன் உதட்டைக் குத்திக்கொள்வான். நான் ஒரு நாடாவை உறிஞ்ச, அதன் வால் சுழன்று என் நெற்றிச் சந்தனத்தில் அடிக்கும். நீ மட்டும் கையால்தான் சாப்பிட்டாய். அதற்கும் முன்னால், வீட்டில் இலையைச் சுற்றி விடுவது போலவே, உள்ளங்கையில் தண்ணீர் வாங்கி மந்திரம் சொல்லி, அந்த இத்தாலித் தட்டைச் சுற்றிப் பரிசேஷனம் செய்வாய். விரிப்பு நனைந்து போகும்.

"சாரே, எண்ட மேசைக்கு இன்னும் எத்தனை ஞானஸ்நானம்?" என்பார் லாசர்.

"சாப்பாடு எங்க ஆனாலும் சாப்பாடுதானே, லாசரே," என்பாய் நீ. நாங்கள் உன்னைக் கேலி செய்வோம். கேலி செய்த எங்களுக்கு வாசல் பக்கம் ஒரு கண் எப்போதும் உண்டு. உனக்கு அது கிடையாது.

அப்போதுதான் ஸ்ரீவராகத்தில் உனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பாடச் சொன்னபோது அவள் பாட்டு மறந்துபோய் உன்னைப் பார்த்துச் சிரித்தாளாம். அன்றிலிருந்து நீ ஆபீஸில் பைல்களைத் தலைகீழாக வைத்துக்கொண்டு படித்தாய். நிச்சயம் செய்யவேண்டியதுதான் பாக்கி. அதற்குள் யாரோ புண்ணியவான் பெண்ணின் அப்பா காதில் மீன்காரன் கடையை ஓதிவிட்டான். சத்தியமாக நான் இல்லை. இருந்தால் இன்னும் சுவையாக ஓதியிருப்பேன்.

அந்தச் சனிக்கிழமை பெண்ணின் அப்பா நேரே வந்து கடை வாசலில் நின்றார். கோயில் காரியக்காரர், பஞ்சகச்சம், கையில் குடை. கிட்டு பின்வாசல் வழியாகச் சந்தைக்குள் மறைந்தான். நான் உலரும் நாடாக்களுக்குப் பின்னால் போய் நின்றேன். இந்த உடம்பை அவை எவ்வளவு மறைத்திருக்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். நீ உள்ளங்கையில் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தாய்.

லாசர்தான் உன்னைக் காப்பாற்றப் பார்த்தார். "சார் இங்க காப்பி மாத்ரம் குடிக்கான் வந்ததாக்கும், சாமி."

"வேண்டாம் லாசரே," என்றாய். தண்ணீரைத் தட்டைச் சுற்றி விட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தாய். "வாங்கோ மாமா. சாப்பிடத்தான் வந்தேன்."

"அதுல என்னது?"

"கோதுமை மாவு. தக்காளி. பூண்டும் உண்டு."

"பூண்டா?"

"ஆமாம் மாமா. சனிக்கிழமை தோறும் வரேன். கல்யாணத்துக்கப்புறமும் வருவேன். உங்க பொண்ணுக்கு இஷ்டம்னா அவளையும் கூட்டிண்டு வருவேன். பின்னால தெரிஞ்சு வருத்தப்படறதைவிட இப்பவே தெரிஞ்சுக்கறது நல்லதில்லையா?"

அவர் நனைந்த விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாடாக்களின் பக்கம் திரும்பி, "பின்னால நிக்கறவர் யாரு, தாலூக்காபீஸ்காரர் பிள்ளையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். உன் கை தட்டில் அளைந்துகொண்டே இருந்தது. ஆனால் வாய்க்கு எதுவும் போகவில்லை. அன்றுதான் முதல்முறையாக நீ தட்டில் மீதம் வைத்தாய்.

அப்புறம் நடந்தது, உன் மச்சினனிடம் வெற்றிலை கொடுத்து நான் பிடுங்கியது. அவர் வீட்டுக்குப் போய், இந்த இடம் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்து, நடந்ததை முழுக்கச் சொன்னாராம். உள்ளேயிருந்து பெண் குரல் வந்ததாம்: "ஒளிஞ்சிண்டு சாப்பிட்டிருந்தா நானே வேண்டாம்னிருப்பேன்." கடைசியில் மாமா, "அங்க போயும் பரிசேஷனத்தை விடலை, பாத்துக்கோ," என்று மாமியிடம் முணுமுணுத்தாராம். அடுத்த முகூர்த்தத்தில் நிச்சயம். நாடாவுக்குப் பின்னால் நின்றவனைப் பற்றி அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

லாசர் கொழும்பிலிருந்த மகனிடம் போனபோது, மன்னி அவரிடம் பக்குவம் கேட்டுக்கொண்டு வந்து சேவைநாழியைக் கையில் எடுத்தாள். நாடா கிடைக்காவிட்டால் சேவை. அப்படித்தான் இத்தாலி வலியசாலைக்குக் குடிவந்தது.

ஆகவே இன்று, கொல்லைப்புறம் வேண்டாமென்று, முன்னறையில் வாசலைப் பார்க்க இலை போட்டேன். கதவு அகலத் திறந்திருந்தது. எதிர்வீட்டு வைதீகர் படியேறி, "என்ன ஓய், ஒரு மாதிரி வாசனை?" என்றார்.

ஒளிந்துகொள்ள அந்த நாடாக்கள் எங்கே என்று கண் ஒரு தரம் தேடியது. "பூண்டு," என்றேன். "தக்காளியும் உண்டு. உட்காருமேன்."

அவர் தெருவின் இரு கோடியையும் பார்த்தார். "கதவை மட்டும் இத்திரி சாத்திட்டா..."

"சாத்தறதில்லை ஓய்."

உள்ளே வந்தார். பிறகு குடையை மூலையில் சாத்திவிட்டு உட்கார்ந்தார். அவருக்கும் ஓர் இலை போட்டுப் பரிமாறி, செம்பை நீட்டினேன்.

"இதுக்கும் பரிசேஷனமா?" என்று கேட்டார்.

"இதுக்குத்தான்," என்று சொல்லி, அவர் உள்ளங்கையில் தண்ணீரை விட்டேன்.