பொம்மையின் இதயத்தை நிறுத்திய நேரம் குறித்து என் மீதே நான் தரும் புகார்

அனுப்புநர்:
மூத்த பயிற்றுநர்,
செவிலியர் செயல்முறைப் பயிற்சிக்கூடம், இரண்டாம் தளம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
ஆராய்ச்சி நெறிமுறைக் குழு.

பொருள்: என் ஆய்வறிக்கையைத் திரும்பப் பெறவும், அதனால் இடம் மாற்றப்பட்ட செவிலியரை மீண்டும் அவசரப் பிரிவில் அமர்த்தவும் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. இம்மனுவில் புகார் கொடுப்பவனும் நானே, குற்றம் செய்தவனும் நானே. எழுதக் கை கூசுகிறது.

2. நாற்பது செவிலியர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்குப் பொம்மை நோயாளியை வைத்து நானே பயிற்சி அளித்தேன். மறு பாதியினர் வகுப்புப் பாடம் மட்டும் கேட்டனர். பின்பு ஒவ்வொருவர் முன்பும் பொம்மையின் இதயத்தை நிறுத்தி, மார்பை அழுத்தத் தொடங்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பதே தேர்வு. தாங்கள் ஒப்புதல் தந்த திட்டப்படி, யார் எந்தக் குழு என்று அறியாத வெளியாள் ஒருவர் பொம்மையை இயக்கும் கணினி முன் உட்கார வேண்டும். அவர் அன்று காய்ச்சலில் படுத்துவிட்டார். தேர்வைத் தள்ளிவைக்க மனமின்றி நானே உட்கார்ந்தேன்.

3. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. என் மாணவியர் கட்டிலருகே வந்து கை நீட்டிய பிறகே பொத்தானை அழுத்தினேன். மற்றவர்களுக்கோ, அவர்கள் கையுறை மாட்டிக்கொண்டிருக்கும்போதே அழுத்தினேன். அழுத்திய நொடியிலிருந்து கடிகாரம் ஓடும். முதலில் என்னை அறியாமல்தான் செய்தேன். மூன்றாவது ஆளிலேயே என் விரலின் ஓரவஞ்சனை எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை.

4. அறிக்கையில், மதிப்பிட்டவருக்குக் குழு விவரம் தெரியாது என்று எழுதினேன். பதினோரு நொடி வித்தியாசம் என்று அட்டவணையும் போட்டேன். கூட்டத்தில் கைதட்டினார்கள்; நானும் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன்.

5. செவிலியர் மேற்பார்வையாளர், யார் எத்தனை நொடி எடுத்தார் என்ற பெயர்ப் பட்டியலைக் கேட்டார். கொடுக்கக் கூடாது என்பது விதி, கொடுத்தேன். கடைசியில் இருந்தவர் வகுப்புப் பாடம் மட்டும் கேட்ட குழுவைச் சேர்ந்தவர்; அவசரப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்த செவிலியர், எல்லோருக்கும் 'பெரியக்கா'. அவரை வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். மாடிப்படியில் என்னைப் பார்த்தவர், "உங்க மேல கோவமே இல்ல சார். எனக்குத்தான் கை மந்தமாயிடுச்சு போல. நல்லவேளை, ஒரு உயிர் போறதுக்கு முன்னாடியே சொன்னீங்க" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனேன். அந்தத் தலையாட்டலுக்குத்தான் அதிகம் வெட்கப்படுகிறேன்.

6. ஆகவே, அறிக்கையைத் திரும்பப் பெற்று, பெரியக்காவை அவருடைய இடத்திலேயே அமர்த்தி, என் மீது தக்க நடவடிக்கை எடுக்குமாறு வேண்டுகிறேன். உண்மையை நேரில் சொல்ல மூன்று முறை அவர் மேசைக்குப் போனேன். வரிசையில் நின்று, என் முறை வருமுன் திரும்பிவிட்டேன். அவர் இன்னும் தன் கையைச் சந்தேகித்துக்கொண்டிருக்கிறார். தங்கள் ஆணையோடு இம்மனுவின் நகலையும் அவருக்கு அனுப்பிவையுங்கள்.

இடம்: பயிற்சிக்கூடம்
நாள்: இம்மாதம் பதினேழு, புதன்

தலைகுனிந்து,
(ஒப்பம்)
மூத்த பயிற்றுநர்