ஒரே பெயர்

மொன்றியல்

அன்புள்ள அப்பா,

இவ்வளவு பிந்தி இரவில் எழுதுவதற்கு மன்னியுங்கள். இருமல் குறைந்ததா?

வேலையில் இன்று சிறு பிசகு. கணினி நிரலில் 'வகுப்பு' என்கிற ஒரு கட்டிலிருந்து இன்னொன்று பிறந்தால், முதலாவது தாய், மற்றது பிள்ளை; தாயின் செயல்கள் பிள்ளைக்கும் வரும். தாயிடம் இருந்த பெயரையே பிள்ளையின் புதுச் செயலுக்கும் வைத்துவிட்டேன். உடனே தாயின் அந்தப் பெயருள்ள செயல்களெல்லாம் மறைந்துபோயின. அழியவில்லை; கூப்பிட்டால் பிள்ளையுடையது மட்டுந்தான் கேட்கிறது. ஒரு வரியில் திருத்திவிட்டேன், யோசிக்காதீர்கள்.

வீட்டில்தான் திருத்த முடியவில்லை. உங்கள் பெயரை மகனுக்கு வைத்தோமே. கார்டெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், விளையாடிவிட்டு வந்தவனிடம் உங்கள் படத்தைக் காட்டி, "இவரும் சிவநேசம்தான்" என்றேன். "நொன், அது நான்" என்று அங்கே பழகிய பிரெஞ்சில் மறுத்து அழுதான்.

அவருக்கு இரவு வேலை. எனக்கு நித்திரை வரவில்லை. பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உங்கள் குரலைப் பதிந்து அனுப்புங்கள். கெதியாய்ப் பதில் போடுங்கள், அப்பா.

தாட்சாயினி